காப்பகத்தில் இரண்டு பெயர்கள்

2012-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கட்டுமாவடியில் என் அறையில் அமர்ந்து ஒரு கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் இரண்டே இரண்டு பெயர்கள் இருந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்திருக்க வேண்டிய இடம் அது. எஞ்சியவை எங்கே போயின, அவற்றைத் தேடி நான் எப்படி அலைந்தேன் என்பதைச் சொல்வதற்கு எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஏனெனில் அதில் குற்றம் கருவியினுடையதன்று, என்னுடையது.

2004-இல் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி எனக்கொரு கையடக்கக் கருவியைக் கொடுத்தான். பாம் டங்ஸ்டன் இ என்பது அதன் பெயர். முகவரிகள், நாட்காட்டி, செய்யவேண்டிய பணிகள், குறிப்புகள் ஆகிய நான்கையும் சட்டைப்பைக்குள் அடக்கிவிடும் கருவி. எங்கள் கோயில்பிள்ளை ‘பாம்’ என்றதைத் தலைவலித் தைலம் என்றே எடுத்துக்கொண்டார். ‘சாமிக்கு அவுக தம்பி சீமைத் தைலம் கொண்டாந்திருக்காரு’ என்று தெருவில் சொல்லியும் வைத்தார். அதன்பின் ஒரு மாதம் வரை, ‘தலைவலி தேவலையா சாமி?’ என்று மக்கள் என்னை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைய திறன்பேசிகளுக்கு மூதாதை என்று அக்கருவியைச் சொல்லலாம். அந்த வரிசையில் முதற் கருவி 1996-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர், கருவி பிறப்பதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, எவரேனும் சந்திப்புக்கு நாள் கேட்டால் அதை எடுத்துக் குறிப்பதுபோல் பாவனை செய்து பார்த்தாராம். கையில் கனக்கிறதா, பையில் இடிக்கிறதா என்று அறிவதற்காக! நல்ல தச்சனுக்குரிய பொறுமை.

ஆயினும் அக்கருவியின் உண்மையான சிறப்பு அதன் அளவில் இல்லை. அது தனியே வாழ்வதற்காகப் படைக்கப்பட்டதன்று. மேசைக்கணினி ஒன்றோடு இணைந்து வாழ்வதற்காகவே படைக்கப்பட்டது. கம்பியால் இணைத்து ஒரு குறியைத் தொட்டால், கருவியில் நான் எழுதியது கணினிக்கும், கணினியில் எழுதியது கருவிக்கும் சென்று இரண்டும் ஒன்றாகிவிடும். ஹாட்சிங்க் என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். நாம் ஒத்திசைவு என்போம்.

2006-இல் நான் கட்டுமாவடிப் பகுதிக்கு மாற்றலாகி வந்தேன். பாக் நீரிணையின் கரை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. மீனும் நண்டும் இறாலும் ஏலம் போகும் விடியற்பொழுதுகள். புதிய பங்கில் முகங்களை நினைவிற் கொள்வது எளிதன்று. வீடு சந்தித்துத் திரும்பும் ஒவ்வொரு மாலையும் அன்று அறிந்ததைக் கருவியில் எழுதினேன். யார் நாட்டுப்படகில் போகிறார், யார் விசைப்படகில் கூலிக்குப் போகிறார், எந்த வீட்டில் நோய், எந்த மகன் வளைகுடா சென்று கடிதமே போடவில்லை என்பன போன்றவை. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது எதுவும் அதில் இல்லை. அதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் திண்ணையில் அமர்ந்து மனம்விட்டுப் பேசியவை பல இருந்தன.

அக்கருவி தமிழ் அறியாது. எனவே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினேன். அந்தோணி என்ற பெயரை ஒருநாள் ‘ஹெச்’ சேர்த்தும், மறுநாள் சேர்க்காமலும், கடைசியில் ‘ஒய்’ இட்டும் ‘ஐ’ இட்டும் எழுதியிருப்பேன். ஒரே அந்தோணி நால்வராகி நிற்பார். கருவி பதினாறு பகுப்புகளுக்கு இடந்தந்தது. எனக்கு ஏழு போதுமாயிருந்தன. ஏழு அன்பியங்களுக்கு ஏழு.

ஒருவர் இறந்தால் அவர் பதிவை நீக்குவேன். நீக்கும்போது கருவி ஒரு கேள்வி கேட்கும்: கணினியில் காப்பகப் பிரதி ஒன்றை வைக்கலாமா? அதற்கான சிறு கட்டத்தில் எப்போதும் குறியிடுவேன். அடுத்த ஒத்திசைவின்போது அப்பதிவு கருவியை விட்டு அகன்று, கணினியில் அந்த அன்பியத்தின் காப்பகக் கோப்பில் சேர்ந்துவிடும். நவம்பர் மாதத்தில் அக்கோப்புகளைத் திறந்து, பெயர்களை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வேன். கோயிலின் மரணப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் உண்டு. வயது, இறந்த நாள், அடக்கம் செய்த நாள் உண்டு. அவர் எப்படிச் சிரித்தார் என்பது அதில் இராது.

2012 செப்டம்பரில் பங்குப் பேரவையினர் புதிய கணினி ஒன்று வாங்கித் தந்தார்கள். பழையதை அருகிலிருந்த நகரில் ஒரு கடையில் மாற்றாகக் கொடுத்து விலையில் சிறிது குறைத்துக்கொண்டோம். ஞானஸ்நானச் சான்றிதழ், கணக்கு, கடிதங்கள் எல்லாவற்றையும் கவனமாக எடுத்துக்கொண்டேன். பாம் நிரலுக்குரிய அடைவை எடுக்கவில்லை. எல்லாம்தான் கருவியில் இருக்கிறதே, இணைத்தவுடன் புதிய கணினிக்கு வந்துவிடுமே என்பது என் கணக்கு.

இணைத்தேன். வரவில்லை. கம்பியை மாற்றினேன், கடற்காற்றில் முனைகள் பச்சை பூத்திருக்குமோ என்று துடைத்தேன், நிரலை நீக்கி மீண்டும் நிறுவினேன். இன்னதென்று அறியாத பொருள் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது என்பதையே புதிய கணினி திரும்பத் திரும்ப அறிவித்தது. எட்டாண்டுகள் என் வலக்கைபோல் இருந்த பொருள், இன்னதென்று அறியாத பொருள்!

இதற்கிடையில் வேறொரு கவலை. இக்கருவியின் நினைவகம் மின்கலத்தை நம்பி வாழ்வது. மின்கலம் முற்றிலும் வடிந்துவிட்டால் எழுதியது அனைத்தும் மறைந்துபோகும். அந்த ஆண்டில் தமிழக மாவட்டங்களில் நிலவிய மின்வெட்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பகலிலும் இரவிலுமாக, இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே மிகுதி. மின்னேற்றியை எடுத்துக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடும் ஐஸ் கம்பெனிக்குச் சென்று நின்ற நாட்கள் உண்டு. ‘சாமி போன் சார்ஜ் போட வந்திருக்காங்க’ என்று பெஞ்சைத் துடைத்துப் போடுவார்கள். அது போன் அன்று என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

ஆயுதபூசை விடுமுறைக்கு ஊர் வந்த ஒரு மாணவன், சென்னையில் பொறியியல் படிப்பவன், கருவியைப் புரட்டிப் பார்த்தான். ‘சாமி, கருவியில கோளாறு இல்ல. இது முப்பத்திரண்டு பிட் காலத்துச் சாமான். உங்க புது சிஸ்டம் அறுபத்திநாலு. இது எடுக்காது’ என்றான்.

அவன் விளக்கியதை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். கணினிக்கும் கருவிக்கும் நடுவில் டிரைவர் என்றொரு நிரல் மொழிபெயர்ப்பாளனாக நிற்கிறது. 64 பிட் விண்டோஸின் உள்ளறையில் 32 பிட் டிரைவருக்கு அனுமதி இல்லை. இந்தக் கருவிகள் யூஎஸ்பி கம்பி வழியாக ஒத்திசைவதற்கு வேண்டிய 64 பிட் டிரைவரோ உருவாக்கப்படவில்லை. அவற்றின் காலம் அதற்குள் முடிந்திருந்தது. அந்நிறுவனமே 2010-இல் ஹெச்.பி. நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. புளூடூத் உள்ள கருவியானால் கம்பியில்லாமல் முயலலாம். என்னுடையதில் அது இல்லை. அகச்சிவப்புக் கதிர் உண்டு. அதற்குக் கணினிப் பக்கம் பொருத்தும் துணைக்கருவியை ரிச்சி தெருவில் தேடவேண்டும். ‘எதுக்கு சாமி அவ்வளவு தூரம்? என் லேப்டாப்ல பழைய எக்ஸ்பிதான் இருக்கு. அதுல ஏத்திட்டு, அங்கேருந்து எடுத்துக்கலாம்’ என்று அவனே வழியும் சொன்னான்.

என் அறையில் மின்சாரம் வந்த ஒரு முற்பகலில் அவ்வேலை தொடங்கிற்று. ஒத்திசைவுக்கு முன் நிரல் நான்கு வழிகளைக் காட்டும். இரண்டையும் ஒன்றுபடுத்து, கருவியில் உள்ளதைக் கணினிமேல் எழுது, கணினியில் உள்ளதைக் கருவிமேல் எழுது, ஒன்றும் செய்யாதே. மூன்றாவதைச் சுட்டி, ‘வெறும் கணினியில இத மட்டும் அமுக்கிட்டா, கருவியும் வெறுமையாப் போயிரும் சாமி’ என்றான் தம்பி. முந்திய வாரம் முழுவதும் கண்ணைமூடிக்கொண்டு பொத்தான்களை அமுக்கிய நான், என் கணினி அக்கருவியை அறிந்துகொள்ளாததற்கு நன்றி கூறினேன்.

கருவியிலுள்ள ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. கடைசி ஒத்திசைவுக்குப் பின் மாறியதா, நீக்கப்பட்டதா என்று காட்டும் அடையாளமும் உண்டு. பழகிய கணினியானால் அடையாளம் பெற்றவற்றை மட்டும் பரிமாறிக்கொண்டு நொடிகளில் முடித்துவிடும். புதிய கணினியானால் அந்த அடையாளங்களை நம்பாமல் ஒவ்வொன்றாக ஒப்பிடும், நேரமாகும். ஒரே பதிவு இரு பக்கத்திலும் வெவ்வேறாக மாற்றப்பட்டிருந்தால் என்ன செய்யும் என்று கேட்டேன். ‘ரெண்டையும் வச்சிக்கும் சாமி. எது சரின்னு நீங்க பாத்துக்கணும்’ என்றான்.

குருமடத்தில் ஐந்நூல் வகுப்பு நினைவுக்கு வந்தது. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் ஒரு படைப்பு வரலாறு, இரண்டாம் அதிகாரத்தில் வேறொன்று. வெள்ளப்பெருக்கின்போது பேழைக்குள் சென்ற விலங்குகள் ஓரிடத்தில் இணை இணையாக, மற்றோரிடத்தில் ஏழேழு இணையாக. தொகுத்தவர்கள் எதையும் வெட்டவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். தேர்வுக்காக அதைப் படித்தபோது அது தொகுத்தவர்களின் கவனக்குறைவு என்று எண்ணிய இளவயதுக்காரன் நான்.

ஒத்திசைவு முடிந்தது. பெயர்கள் அனைத்தும் லேப்டாப்பில் வந்து நின்றன. மகிழ்ச்சியோடு காப்பகத்தைத் திறந்தேன். இரண்டு பெயர்கள்.

அந்த இருவரும் கணினி மாறிய பிறகு இறந்தவர்கள். நான் நீக்கியிருந்தாலும், ஒத்திசைவு நடைபெறாததால், கண்ணுக்குத் தெரியாமல் கருவிக்குள்ளேயே அந்த வாரங்களை எல்லாம் காத்துக் கிடந்திருக்கிறார்கள். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. உத்தரிக்கிற ஸ்தலம் என்று நான் சொல்ல, தம்பி சிரித்தான். அதன்பிறகே எனக்கு உறைத்தது. அவர்களுக்கு முன் சென்ற எண்பது பேரும் கருவியில் இல்லை; இருக்கவும் முடியாது. கணினியில் வைத்துக்கொள் என்று நானே ஒவ்வொரு முறையும் குறியிட்டு அனுப்பியிருக்கிறேன். உயிரோடிருப்பவர்களுக்கு இரு பிரதிகள் இருந்தன; இறந்தவர்களுக்கு ஒன்றே. அந்த ஒன்றைத்தான் மாற்றாகக் கொடுத்து விலை குறைத்திருந்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இழந்தோம் என்ற துயரைவிட வேறொன்று என்னை அதிகம் வருத்தியது. அந்த வட்டு யாரோ ஒருவர் கைக்குப் போகப்போகிறது. திண்ணையில் என்னிடம் மட்டும் சொல்லப்பட்டவை, ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்தாலும் எவரும் படித்துவிடக்கூடிய தமிழ். இறந்தவர் போய்விட்டார், அவர் சொன்னதில் வரும் மகனும் மருமகளும் இன்னும் அதே தெருவில் வாழ்கிறார்கள். அக்கறை என்று நினைத்து எழுதியது எப்போது அத்துமீறல் ஆயிற்று? அதற்கு இன்றுவரை எனக்கு நேரான விடை இல்லை.

மறுநாள் காலை முதற்பேருந்தில் தம்பியும் நானும் கடைக்குச் சென்றோம். ஆயுதபூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பழைய பெட்டிகளின்மேல் காய்ந்திருந்தன. எங்கள் பெட்டி விற்கப்படாமல் இருந்தது. ஆனால் விற்பனைக்காக வட்டைத் துடைத்து விண்டோஸை மறுபடி ஏற்றியிருந்தார்கள். கடைக்காரர்மேல் பிழை ஏதுமில்லை. அது அவர் தொழில், பொருளைக் கொடுத்தவன் நான். அவர் வட்டைக் கழற்றிக் கையில் தந்து, விலையைக்கூடக் குறைத்தே வாங்கினார்.

துடைத்தல் என்பது நாம் நினைக்கும் துடைத்தல் அன்று. விரைவாகச் செய்யப்படும் ஃபார்மேட், நூலின் பொருளடக்கத்தைக் கிழிப்பதுபோன்றது; பக்கங்கள் உள்ளேயே கிடக்கும். புதிதாக எழுதப்பட்டவை எந்தப் பக்கங்களின்மேல் விழுந்தனவோ அவையே அழிந்தவை. மீட்பு நிரல் ஒன்று வட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை தடவிச் சென்று, கோப்பின் சாயல் உள்ளவற்றைப் பொறுக்கியெடுக்கும். எண்பது கிகாபைட் வட்டு. மூன்று முறை தொடங்கினோம். இரண்டு முறை மின்வெட்டில் நின்றது. மூன்றாவது முறை ஐஸ் கம்பெனியில், பனிக்கட்டி உடைக்கும் ஓசைக்கு நடுவில், மாலை தொடங்கி நள்ளிரவைத் தாண்டி முடிந்தது.

ஏழு காப்பகக் கோப்புகளில் நான்கு திறந்தன. மூன்று திறக்கவேயில்லை.

திறந்தவை முழுமையானவையா என்று பார்க்க வேண்டியிருந்தது. ‘உள்ளே போய்ப் படிக்காதே தம்பி’ என்றேன். ‘பேரு வருதான்னு மட்டுந்தான் சாமி பாக்குறேன்’ என்றவன், சற்று நேரத்தில் கையை எடுத்துவிட்டான். பட்டியலில் அவன் அப்பத்தாவின் பெயர் இருந்தது. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ‘என்ன சாமி எழுதியிருக்கீங்க?’ என்று கேட்டான். முதல் வரியைப் படித்துக் காட்டினேன்: வலை பின்னுவதில் கெட்டிக்காரி, பேரன் படிப்பைப் பற்றியே பேச்சு. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பேரனுக்குத் தெரியவேண்டாம் என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டுக்கொண்ட செய்தி அது. கோப்பை மூடினேன். அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான்கு கோப்புகளையும் தமிழில், கையால், நீளநோட்டு ஒன்றில் எழுதினேன். எழுதும்போதே பல வரிகளை விட்டேன், உயிரோடிருப்பவரை நோகடிக்கக்கூடியவை. பின்பு வட்டைப் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைக்கு எடுத்துச் சென்று மூன்று துளைகள் போடச் சொன்னேன். மெக்கானிக் இரும்பின் தரத்தைப் புகழ்ந்துகொண்டே துளையிட்டார்.

மூன்று அன்பியங்கள் எஞ்சின. மரணப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்றேன். ‘உங்கள் வீட்டில் இறந்தவரைப் பற்றி மறந்துவிட்டேன், சொல்லுங்கள்’ என்று ஒரு குரு கேட்பது வழக்கமில்லை. முதல் வீட்டில் நாக்கு எழவில்லை. ஆனால் யாரும் குறைப்படவில்லை. காப்பி வந்தது, பெட்டியிலிருந்து பழைய நிழற்படங்கள் வந்தன, ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றரை மணிநேரமாயிற்று.

2008-இல் இறந்த ஒரு பெரியவரைப் பற்றி அவர் மனைவி சொன்னார்: 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் அடித்த இரவு, கடலுக்குப் போகவேண்டியவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் பிழைத்தார். அடுத்த வீட்டிலிருந்த தம்பியோ, ‘காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல சாமி. சம்மாட்டியோட சண்டை. பங்குக் காசு சரியாத் தரலன்னு அன்னைக்குப் போக மாட்டேன்னுட்டாரு. மதினிக்கு அதச் சொல்லலையா இருக்கும்’ என்றார். நோட்டில் இரண்டையும் எழுதினேன், ஒன்றின்கீழ் ஒன்றாக. கருவியில் முன்பு நான் எதை எழுதியிருந்தேன் என்பது நினைவில்லை. காய்ச்சலைத்தான் எழுதியிருக்க வேண்டும். அந்த அம்மாள் வீட்டுக்குத்தான் அடிக்கடி போவேன்.

இப்போது என் கையில் திறன்பேசி இருக்கிறது. கம்பி இல்லை, பொத்தான் இல்லை. ஒத்திசைவு நடக்கிறது என்பதே தெரியாமல் நடக்கிறது. தமிழிலேயே எழுதலாம். ஆனால் ஒரு பெயரை நீக்கினால் காப்பகத்தில் வைக்கட்டுமா என்று அது கேட்பதில்லை. கூகுள் தொடர்புகளில் நீக்கியது குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடந்து, பிறகு எல்லா இடத்திலிருந்தும் மறைகிறது. அதனால் இறந்தவர் எண்களை நான் நீக்குவதேயில்லை. சில எண்கள் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டன. வாட்சப்பில் இறந்த உபதேசியாரின் பெயருக்கு மேலே ஓர் இளைஞனின் மோட்டார் சைக்கிள் படம் தெரிகிறது.

கட்டுமாவடியை விட்டு வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்த மூன்று அன்பியங்களில் ஒருவரைப் பற்றி மட்டும் எவரிடமும் கேட்க முடியவில்லை. கரையோரக் கொட்டகையில் தனியே இருந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் பெயரும், ஏறத்தாழ எழுபது என்ற வயதும், அடக்கம் செய்த நாளும் இருக்கின்றன. அவரோடு இரண்டு மாலைகள் அமர்ந்து பேசியிருக்கிறேன். கருவியில் நீண்ட குறிப்பொன்று எழுதினேன் என்பதும், எழுதி முடிப்பதற்குள் கை வலித்தது என்பதும் நினைவிருக்கின்றன. நோட்டில் அவர் பெயருக்குக் கீழே அரைப்பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.